உள்ளே யாரும் இல்லையே?

குளிர் அறைக் கதவைச் சாத்தியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டாம்.

உறையவைத்த இறாலைப் பெட்டி பெட்டியாக அடுக்கி அனுப்பும் கம்பெனி அது. நான் பெட்டி தூக்குகிறவன். என் மனைவி பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவள். அன்றைக்கு அரை நாள் வேலை. மதியம் இரண்டு மணிக்கு எல்லாரும் கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்துக் கதவைத் தள்ளினேன். தானாகப் பூட்டிக்கொள்ளும் புதுக் கதவு. பூட்டிவிட்டால் மறுநாள் காலை வரை திறக்காது. நடுவில் திறக்க வேண்டுமென்றால், எங்கேயோ உட்கார்ந்திருக்கிற யாரோ கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும். உள்ளேயிருந்து திறக்கிற கைப்பிடி போன மாதமே கழன்றுவிட்டது. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

வாசலில் அவளுக்காகக் காத்திருந்தேன். "உங்க வீட்டம்மா இன்னும் வெளிய வரலியே" என்றார் வாட்ச்மேன். திரும்பி ஓடினேன். அவளுடைய கம்பளிக் கோட் வெளியே கொக்கியில் தொங்கியது. விட்டுப்போன ஏதோ ஒரு லேபிளை ஒட்டுவதற்கு, ஒரு நிமிஷ வேலைதானே என்று கோட்கூடப் போடாமல் போயிருக்கிறாள். கதவில் காதை வைத்தேன். டொக், டொக் என்று கேட்டது. உள்ளே மைனஸ் பதினெட்டு.

வாட்ச்மேன் கடப்பாரையோடு வந்து இடித்துப் பார்த்தார். கதவில் கீறல்தான் விழுந்தது. நான் கதவில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் போட்டேன். பாட்டெல்லாம் ஓடி முடிந்து ஒரு பெண் பேசினாள். தேன் ஒழுகுகிற இங்கிலீஷ்.

"வைஃபு இன்சைடு மேடம்! வைஃபு இன்சைடு!" என்று கத்தினேன்.

"வைஃபை?" என்றாள் அவள். வைஃபை புகாருக்கு வேறு நம்பராம்.

எந்த இங்கிலீஷ் வார்த்தையாக இருந்தாலும் கடைசியில் ஒரு 'உ' போடாமல் நம்மால் வாயை மூட முடியாதே! அந்த ஒரு எழுத்து என் பெண்டாட்டியின் உயிரை வாங்கப் பார்த்தது.

"நோ வைஃபை! டோர்! டோர் லாக்!"

பதறாதீர்கள், நான் கேட்பதற்கு யெஸ் அல்லது நோ மட்டும் சொல்லுங்கள் என்றாள். அப்பாடா என்றிருந்தது. அந்த இரண்டும் நமக்கு நன்றாகவே தெரியுமே.

"யூ காண்ட் ஓப்பன் இட் ஃப்ரம் அவுட்சைட்?"

வெளியிலிருந்து திறக்க முடியவில்லையா என்கிறாள். ஆமாம் தாயே, முடியவில்லை. "யெஸ்!"

"ஓ, யூ கேன். குட். ஸோ, நோபடி இஸ் இன்சைட்?"

உள்ளே யாரும் இல்லையே என்கிறாள். இல்லை இல்லை, ஆள் இருக்கிறது! "நோ! நோ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"தேங்க் யூ சார்" என்று வைத்துவிட்டாள். நாலு மணி நேரத்தில் மெக்கானிக் வருவார் என்று மெசேஜ் வந்தது.

போனையே வெறித்துப் பார்த்தேன். எங்கே தப்பு என்று அப்போது எனக்குப் புரியவில்லை, பிறகுதான் புரிந்தது. எதிராளி சொன்னது சரியா தப்பா என்று பார்த்து நாம் ஆமாம், இல்லை சொல்கிறோம். அவர்களோ காரியம் உண்டா இல்லையா என்று பார்த்துச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்ததே இரண்டு வார்த்தை. இரண்டும் தலைகீழாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மறுபடி போட்டேன். மறுபடி பாட்டு. உள்ளே தட்டுகிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. "தட்டிக்கிட்டே இரும்மா, நிறுத்திடாத!" என்று கதவில் அறைந்துகொண்டே அழுதேன். மூன்றாவது தடவை போட்டபோது அதே பெண் எடுத்தாள். அதற்குள் தட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

"சார், ப்ளீஸ் ஆன்சர் யெஸ் ஆர்..."

"நோ யெஸ்! நோ நோ!" என்று அலறினேன். "லேடி! இன்சைடு! ஐஸ்! டையிங்!"

அந்தப் பக்கம் "ஓ மை காட்" என்று ஒரு சின்னக் குரல். கதவில் க்ளிக் என்றது.

கதவோரமாகவே சுருண்டு கிடந்தாள். புருவத்தில் வெள்ளை படிந்திருந்தது. தூக்கிக்கொண்டு லாரி நிற்கிற மேடைக்கு ஓடி வெயிலில் கிடத்தினேன். வாட்ச்மேன் தன் போர்வையைப் போர்த்திவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொல்லப் போனார். அவள் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. அதைக் கேட்கக் கேட்க எனக்கு உயிர் வந்தது. அவள் கையைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள்.

"என்னங்க..."

"சொல்லும்மா. நான் இங்கதான் இருக்கேன்."

"சாத்தும்போது... உள்ள ஒரு தடவை எட்டிக்கூடப் பாக்கல. அப்படித்தானே?"

இரண்டு மணி ஐந்து நிமிஷத்துக்கு வரும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் எனக்கு. அதை எந்த வாயால் சொல்வது?

"ஆமா" என்றேன்.

அந்தப் போன்காரியாக இருந்தால், ஆமாம், பார்த்தேன் என்று எடுத்துக்கொண்டிருப்பாள். இவளும் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டாளா என்று என் மனசு கிடந்து தவித்தது. இவள் சரியாகத்தான் புரிந்துகொண்டாள். என் கையிலிருந்து தன் கையை உருவிப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.