லேபிளில் ஒரு வெள்ளைக் கோடு

மூன்று வருஷமாக அம்மாவுக்கு மாதம் தவறாமல் முழங்கால் களிம்பு பார்சலில் வருகிறது. அனுப்புநர் இடம் காலி. நகரத்துக்குள்ளிருந்துதான் வருகிறது, அதற்கு மேல் கேட்டால் கூரியர்காரர்கள் கைவிரிக்கிறார்கள். அனுப்புவது யாரென்று எனக்குத் தெரியும். என் தம்பி. "நீ வீட்டுல இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்" என்று நான் சொன்ன அன்று கிளம்பிப் போனவன். வாய் தவறிச் சொன்னேன் என்று சமாளிக்க மாட்டேன். தெரிந்தேதான் சொன்னேன்.

லேபிள் மிஷின் பழுது பார்ப்பது என் வேலை. முதல் லேபிளைப் பார்த்ததுமே மிஷின் எதுவென்று புரிந்துவிட்டது. வயிற்றில் புள்ளி வைத்த சுழியம், தட்டைத் தலை மூன்று, வால் மடங்கிய ஏழு: அந்த எழுத்து ஒரே ஒரு வகை மிஷினில்தான் விழும். மருந்து மொத்தக் கடைகளில் இருப்பது. அப்படி முந்நூறு கடை இருக்கும். ஆனால் அந்த லேபிளில் இடது ஓரத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, எல்லா வரிகளையும் அறுத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடு. எழுத்தை அச்சடிக்கிற பிரிண்ட் ஹெட்டில் ஒரு புள்ளி செத்துவிட்டது என்று அர்த்தம். அது அந்த ஒரு மிஷினுக்கே உரிய மச்சம்.

அன்றிலிருந்து, கூப்பிட்ட கடையில் எல்லாம் முதலில் ஒரு சோதனை லேபிள் அடிப்பேன். கோடு இருக்காது. நன்றாக அச்சடிக்கிற மிஷினைத் திட்டுகிற மெக்கானிக் நான் ஒருத்திதான். அம்மாவோ களிம்பைத் தொடாமல் அலமாரியில் அடுக்குகிறாள். "அவனே வந்து தேய்ச்சு விடட்டும்."

இன்று காலை ஒரு புதுக் கடை. லேபிள் வெளியே வந்தது. அதே இடத்தில் அதே கோடு.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"மூணு வருஷமா இருக்கும்மா" என்றார் கடைக்காரர். "பேக்கிங் பண்ணின ஆளு மெக்கானிக்கைக் கூப்பிடவே விடல. 'இந்தக் கோட்டை வெச்சு எங்க அக்கா என்னைக் கண்டுபிடிச்சிருவா, இருக்கட்டும்'னு ஒரே பிடிவாதம். முந்தாநாள்தான் வேலையை விட்டுப் போனான். அதான் உடனே உங்களைக் கூப்பிட்டேன்."

"எங்க போனான்?"

"சொல்லல. குடையை விட்டுட்டுப் போயிருக்கான், எடுக்க வருவான்."

மடையன்! மெக்கானிக்கைக் கூப்பிட்டால்தானே அக்கா வருவாள்? திட்டிக்கொண்டே அழுதேன். கூப்பிடாத கடைகளிலும் நானாகப் போய்க் கேட்டிருக்கலாம். அவனே வரட்டும் என்ற வீம்பு விடவில்லை. இப்போது அவன் முகத்தைப் பார்த்தால் போதும் என்றிருக்கிறது.

பழைய ஹெட்டைக் கழற்றுமுன் ஒரே ஒரு லேபிள் அடித்தேன். அனுப்புநர் இடத்தில் என் பெயர். பெறுநர் இடத்தில் அவன் பெயர், கீழே எங்கள் வீட்டு விலாசம். கோடு எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு இறங்கியிருந்தது. குடையின் கைப்பிடியில் சுற்றி ஒட்டினேன்.

"குடைக்கு எதுக்கும்மா விலாசம்?" என்றார் கடைக்காரர்.

"குடைக்கு இல்லீங்க. எடுக்க வர்றவனுக்கு."