கையைக் கட்டிக்கொள்ளும் பாடம்

செவிலியர் கல்லூரியில் கோட்பாடு வகுப்பு என்றாலே மாணவிகளுக்குக் கொட்டாவி வந்துவிடும். அந்தக் கொட்டாவியோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டிய டீச்சருக்குப் பாடம் தூக்கத்தில்கூடத் தலைகீழாக வரும். அன்றைக்கு மட்டும் மனசு வகுப்பில் இல்லை. வீட்டில் அவள் அக்கா வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.

அக்கா தையல்காரி. பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. பேச்சு குழறினாலும் வரும். விழுங்குவதிலும் கோளாறு இல்லையென்று டாக்டர் சோதித்துவிட்டார். ஆனாலும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் முதலில் பேச்சை நிறுத்தினாள், நேற்றிலிருந்து சாப்பாட்டையும். இன்றும் சாப்பிடாவிட்டால் நாளை மூக்கு வழியாகக் குழாய்தான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். டீச்சர் என்ன குறை வைத்தாள்? தலை வாரினாள், பல் தேய்த்துவிட்டாள், ஊட்டினாள். தாங்கு தாங்கென்று தாங்குகிறாளே என்று அக்கம்பக்கமே மெச்சியது.

வகுப்பில் அன்றைய பாடம் மூன்று படிகள். நோயாளிக்கு எதுவுமே முடியாதபோது எல்லாவற்றையும் நர்ஸ் செய்வது ஒன்று. அவர் பாதி, நாம் பாதி என்பது அடுத்தது. பக்கத்தில் நின்று சொல்லித்தருவதோடு நிறுத்திக்கொள்வது மூன்றாவது.

"மேடம், அவங்களுக்கு எவ்வளவு முடியும்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றாள் முன்வரிசைக்காரி.

"கொடுத்துப் பாத்தாத்தானே தெரியும்!" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, டீச்சர் சாக்பீஸும் கையுமாக நின்றுவிட்டாள். வீட்டில் அவள் எதையுமே கொடுத்துப் பார்க்கவில்லை. பாசத்தில் கண் மறைந்து முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வகுப்பு முடிந்ததும் வீட்டுக்கு ஓடினாள். அக்காவின் கணவர் மசித்த உருளைக்கிழங்கோடு கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஸ்பூனைக் குடுங்க மாமா." வாங்கி, அக்காவின் இடது கையில் வைத்தாள்.

"என்னம்மா இது, எல்லாம் சிந்திடும்!"

"சிந்தட்டும் மாமா."

அக்கா ஸ்பூனையே பார்த்தாள். பிறகு அள்ளினாள். முதல் வாய் கழுத்தில் விழுந்தது. துடைக்க எழுந்த தன் கையை டீச்சர் அக்குளில் சொருகி இறுக்கிக்கொண்டாள். இத்தனை வருஷ வேலையில் இவ்வளவு கஷ்டமான வேலையை அவள் செய்ததில்லை. அடுத்தது போர்வையில் விழுந்தது. மாமா பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டார். மூன்றாவது உள்ளே போனது.

டீச்சருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பரீட்சை வைத்து மார்க் குறைத்த வெறும் வாக்கியமா இது? இதோ, ஒரு இடது கையாக நடுங்கிக்கொண்டு வாய்க்குப் போய்வருகிறதே! இந்தக் கோட்பாட்டை முதலில் கண்டுசொன்னவர் எத்தனை கட்டில்களின் பக்கத்தில் இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாரோ! அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அழுகையும் வந்தது.

அக்கா விழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"சப்புன்னு இருக்கு," என்றாள் குழறலாக. "வந்த நாள்லேர்ந்தே. ஒருத்தராவது கேட்டீங்களா?"

டீச்சர் சமையலறைக்குப் போய் எலுமிச்சம்பழத்தை நறுக்கி எடுத்துவந்து, கிண்ணத்துக்கு மேலே பிழியப் போனாள்.

அக்கா ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு இடது கையை நீட்டினாள்.

"குடு இப்படி."