ஆறிய கால்

காலில் ஒட்டியிருந்த துணியை, காய்ச்சி ஆறிய தண்ணீரால் நனைத்து நனைத்து உரித்துக்கொண்டிருந்தாள் ஜெயசெல்வி. எப்போதும் பல்லைக் கடிக்கும் அவள் கணவன் இன்பராஜ் இன்று முனகக்கூட இல்லை. உள்ளே சீழ் இல்லை. பழைய குழி தூர்ந்து, இளஞ்சிவப்பாகத் தோல் படர்ந்திருந்தது.

“மூடிருச்சுங்க.”

“நெசமாவா?” எட்டிப் பார்க்க முயன்றான். மூச்சு வாங்கியது. முகம் அதைத்து, கண்கள் இடுங்கிக் கிடந்தன.

பரளச்சிக் காட்டில் கருவேல முள் ஏறிய கால் அது. சிறுநீரகம் சுருங்கிப்போனவருக்குப் புண் லேசில் ஆறாது என்றார் மதுரை டாக்டர். வீரியமான ஊசி மிச்சமிருப்பதையும் கெடுத்துவிடும் என்று பாதியில் நிறுத்தினார். அப்போதுதான் தம்பி தாவீதுராஜ் முள்வேலிக்குள் தலையை விட்டுத் தேன் எடுத்துவந்தான். கொட்டு வாங்கிய முகம் வீங்கியிருந்தது. “இதைப் போட்டுப் பாப்போம் மதினி. வேற என்ன செய்ய?”

அன்றிலிருந்து வீடே அந்தக் காலைத்தான் பார்த்தது. வருகிறவர்களும் காலைத்தான் விசாரித்தார்கள். அவன் வாந்தியை யாரும் கேட்கவில்லை. ரத்தம் சுத்தம் செய்ய மதுரைக்குக் கூப்பிட்டால், “காலு ஆறட்டும் செல்வி” என்பான். அவளும் வற்புறுத்தவில்லை. பஸ் மாறி மாறி அலைந்த உடம்பு, ‘சரி’ என்றுவிட்டது.

இன்று கட்டவிழ்த்த சற்று நேரத்தில் மூச்சிரைப்பு கூடவே, தாவீதுராஜ் அம்பாசிடர் பிடிக்கத் திருச்சுழிக்கு ஓடினான். கார் வாசலுக்கு வந்தபோது இன்பராஜின் தலை அவள் மடியில் சாய்ந்து, அசைவற்றிருந்தது.

உள்ளே வந்த தாவீதுராஜ் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டவிழ்ந்த காலைப் பிடித்துக்கொண்டான். “ஆறிருச்சே மதினி... நல்லா ஆறிருச்சே!”

“ஆமா தம்பி,” என்றாள். “சுத்தமா ஆறிருச்சு.”

கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லோரும் திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. “ரெண்டு வாய் சாப்புடு தாயி,” என்றாள் பக்கத்து வீட்டு ராமலட்சுமி. ஜெயசெல்வி எழுந்து பானைக்குப் போனாள். அவனுக்கு அளந்து ஊற்றியது போக ஒரு மடக்குத் தண்ணீரும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், இத்தனை நாளும் அவன் கண்ணில் படாமல், அடுப்படிச் சுவருக்குப் பின்னால் சத்தமில்லாமல் தண்ணீர் குடித்துப் பழகியவள். இப்போது நடுவீட்டில் நின்று சொம்பை அண்ணாந்து பிடித்தாள். தண்ணீர் மடக் மடக்கென்று இறங்கியது. கழுத்தில் வழிந்து சேலையை நனைத்தது.

“மெதுவாத்தா, பொறையேறிரும்.”

ஜெயசெல்வி இன்னொரு சொம்பு மொண்டாள்.