சிரிப்பு வைத்த வேண்டாம்

விசாரணைக் குழுவின் தலைவி என்னை உட்காரச் சொல்வதற்கு முன்பே தன் தோள்பையைத் தூக்கிக் காட்டினார். வெள்ளைத் துணிப்பை. அதன்மேல் கொட்டை எழுத்தில், ‘நான் சொன்னா சொன்னதுதான்.’

“இது நீங்கதானே?”

நான்தான். படத்தில் தெரிந்த முகம் வேறொருத்தியுடையது. அவளுக்கு மொழி தெரியாது. வாயை அசைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். குரல் என்னுடையது. இருபது வருஷத்துக்கு முன்னால் வந்த படம். நாயகிக்குப் பட்டப்பெயர் மிளகா, படத்துக்கும் அதே பெயர். பைக் ஓட்டுவாள், பொறுக்கிகளை அறைவாள், இடைவேளைக்கு முன் இடுப்பில் கைவைத்து அந்த வசனத்தைச் சொல்வாள். என் வயசுப் பெண்கள் அதைப் போனில் ரிங்டோனாக வைத்தார்கள், பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். பெண்ணுரிமை என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. மிளகா எடுத்தாள், நாங்கள் டிக்கெட் வாங்கிப் படித்தோம்.

“உங்க குரலைக் கேட்டுத்தாங்க நான் வளர்ந்தேன்” என்றார் தலைவி. “என் வீட்டுக்காரர் காலேஜ்ல ஒரு வருஷம் பின்னாலேயே சுத்தினார். நான் அப்படியே மிளகா மாதிரி பதில் சொல்வேன். வேண்டாம், போயிடுன்னு, அதே ராகத்துல. கடைசில பாருங்க, ரெண்டு பசங்க.”

பக்கத்தில் இருந்த வக்கீலம்மா தொண்டையைக் கனைத்தார். வெளியாள் ஒருவர் குழுவில் இருக்கவேண்டும் என்பதற்காக அழைக்கப்பட்டவர். மூன்றாவது உறுப்பினர் லீவாம்.

எதிர் நாற்காலியில் டப்பிங் மேலாளர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தார். புகார் அவர்மேல்தான்.

டப்பிங் அறை ஆறடிக்கு ஆறடி. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் உள்ளே வராது, கண்ணாடி வழியே தோளுக்குக் கீழே தெரியாது, உள்ளே நடப்பது வெளியே போகாது. மைக்கின் உயரத்தைச் சரி செய்கிறேன் என்று அவர் உள்ளே வருவார். மைக் சரியாகிவிடும், கை மட்டும் என் இடுப்பைவிட்டுப் போகாது. ஒருநாள் போனில், வெளியூரில் இரண்டு நாள் வேலை இருக்கிறது, இரண்டு ரூம் எதற்கு, ஒன்று போதுமே என்றார். அன்றே வேண்டாம் என்று அவருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அதற்குப் பிறகும் மைக்கின் உயரம் வாரம் தவறாமல் கெட்டுப்போனது. மூன்று மாதம் பொறுத்துப் புகார் எழுதிக் கொடுத்தேன். தள்ளுபடியானால் அதே அறைக்கு, அதே ஆளோடு திரும்பிப் போகவேண்டும். ஊரில் இருப்பது இந்த ஒரு டப்பிங் கூடம்தான். எனக்குத் தெரிந்ததும் இந்த ஒரு தொழில்தான்.

“மிளகா எப்பவும் இப்படித்தாங்க, விளையாட்டாப் பேசும்” என்றார் மேலாளர் என்னைக் காட்டி. “சீரியஸா சொல்லியிருந்தா நான் ஒதுங்கியிருக்க மாட்டேனா? நீங்களே கேட்டுப் பாருங்க.”

கேளுங்கள் கேளுங்கள் என்று நானும் காத்திருந்தேன். அந்த ஒரு மெசேஜில் ஆள் மாட்டிக்கொள்வார் என்று நம்பித்தானே வந்திருந்தேன்.

தலைவி தன் போனில் என் மெசேஜின் பொத்தானை அழுத்தினார்.

“இல்ல சார், வேண்டாம். இந்த மாதிரி இனிமே பேசாதீங்க.”

தலைவியின் உதடு மலர்ந்தது. வக்கீலம்மாவின் உதடும் ஒரு நூல் அளவு. மேலாளர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“என்னம்மா, சிரிச்சுக்கிட்டே சொல்றீங்க?” என்றார் வக்கீலம்மா.

“இன்னொரு தடவை போடுங்க” என்றேன்.

போட்டார்கள். சிரிப்பு இருந்தது. என் காதே சாட்சி. வார்த்தை பூட்டிய கதவு மாதிரி இருந்தது, அதன் இடுக்கில் ஒரு விளக்கு எரிந்தது. அனுப்பியபோது எனக்கு இருந்தது பயம்தான். குரலுக்கு மட்டும் அது தெரியவில்லை. அது பாட்டுக்கு இருபது வருஷப் பழக்கத்தில் சிரித்திருக்கிறது.

அந்தச் சிரிப்பு வந்த கதை எனக்குத் தெரியும். மிளகாவின் இரண்டாம் பாதியில் நாயகன் தெருமுனையில் அவளை மறித்துக் கையைப் பிடிப்பான். அவள் மூன்று முறை ‘வேண்டாம்’ என்பாள். எனக்கு அப்போது பத்தொன்பது வயசு. எழுதியிருந்தபடி, சிரிப்பில்லாமல் வேண்டாம் என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இதே மேலாளர், அன்று உதவியாளர், தலையில் கைவைத்தார்.

“என்னம்மா இது, போலீஸ்ல புகார் குடுக்கற மாதிரி? வாய் வேண்டாம்னு சொல்லணும், உள்ள ஒரு சிரிப்பு ஓடணும். இவளுக்கும் இஷ்டம்தான்னு ரசிகனுக்குத் தெரிய வேண்டாமா? கன்னத்தைத் தூக்கு.”

பதினேழு டேக். கன்னத்தைத் தூக்கினால் குரலில் சிரிப்பு ஏறிக்கொள்ளும். டப்பிங்காரர் எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம். பதினேழாவதில் கைதட்டினார். அதன்பிறகு எத்தனையோ நாயகிகளுக்கு எத்தனையோ வேண்டாம். எல்லாவற்றிலும் கன்னத்தைத் தூக்கினேன். எனக்குச் சிரிப்பு வைக்கச் சொல்லிக்கொடுத்த ஆள்தான் இன்று அந்தச் சிரிப்பைத் தன் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார்.

எனக்கு உள்ளங்கால் வரை எரிந்தது.

“இப்ப சொல்றேன், கேளுங்க” என்றேன். கன்னத்தை இறக்கினேன். “வேண்டாம்.”



“இது கொஞ்சம் கடுமையா இருக்கே” என்றார் தலைவி.

“அன்னிக்கே இப்படிச் சொல்லியிருக்கலாம்” என்றார் வக்கீலம்மா.

“சொல்லியிருந்தா? இப்படிப் பேசற நாயகி ஒருத்தியைக் காட்டுங்கம்மா. நான் வில்லிக்கும் குரல் குடுத்தவ. சிரிப்பில்லாத வேண்டாம் வில்லிக்குத்தான். கடைசி ரீல்ல அவ கன்னம் பழுக்கும், தியேட்டர்ல விசிலடிப்பாங்க. சிரிச்சா சம்மதம், சிரிக்கலைன்னா திமிர். நாங்க எந்தக் கடையில போய் மூணாவது வேண்டாம் வாங்கறது?”

மேலாளர் சிரித்தார். “பாத்தீங்களா, வசனம்.”

நான் தலைவியின் பக்கம் திரும்பினேன். “உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வருஷம் வேண்டாம்னு சொன்னீங்களே. வேணும்னுதான் சொன்னீங்களா?”

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். அவர் மேசைமேல் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், எழுத்து உள்பக்கம் போகும்படி.

என் அப்பா துணி வியாபாரி. நான் வளர்ந்ததே கடையில்தான். வாங்க வந்தவரின் வாய் வேண்டாம் என்று சொல்லும், விரல் துணியை வருடிக்கொண்டிருக்கும். அந்த வேண்டாமுக்கு அப்பா நாற்காலி போடுவார். கால் செருப்பைத் தேடினால் துணியை மடித்துவிடுவார். பேரத்தில் அவரை ஜெயித்தவர் கிடையாது. ஆனால் படியிறங்கியவரின் கையைப் பிடித்து இழுத்ததும் கிடையாது. அது வியாபாரமில்லை, வழிப்பறி. எழுதப் படிக்கத் திணறிய மனுஷனுக்கு இது தெரிந்திருந்தது.

“கீழ் மாடி டப்பிங் அறைக்கு ஒரு பத்து நிமிஷம் வாங்க” என்றேன் குழுவிடம். “இன்னிக்கு மத்தியானம் எனக்கு வேலை இருக்கு. அதைப் பாத்துட்டு எது வேணா எழுதிக்குங்க.”

மேலாளரின் கால் கீழே இறங்கியது. வேலை என்னவென்று அவருக்குத் தெரியும். மிளகா மறுபடி தியேட்டருக்கு வருகிறது, வெள்ளிக்கிழமை. பழைய ஒலிநாடாவில் ஓரிடம் பூஞ்சை பிடித்துப் போயிருந்தது. சரியாக அந்தத் தெருமுனைக் காட்சி, அந்த மூன்று வேண்டாம். வேறு குரலைப் போட்டால் ஒட்டாது. புகாரில் பெயர் இருக்கும்போதே எனக்கு அவரே போன் செய்து, “தனித்தனி விஷயம்மா, கலக்க வேண்டாம்” என்று கெஞ்சியிருந்தார்.

கீழே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், அவருக்குப் பின்னால் தலைவியும் வக்கீலம்மாவும். மேலாளர் உள்ளே கேட்கும்படி பேசும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே போனேன். மைக்கின் உயரத்தை நானே சரி செய்துகொண்டேன்.

திரையில் தெருமுனை. நாயகன் மறித்தான். கையைப் பிடித்தான். உதடு அசைந்த இடத்தில் சொன்னேன்.

“வேண்டாம். வேண்டாம். வேண்டாம்.”

“சிரிப்பைக் காணோமே” என்றது ஒலிபெருக்கி. “இன்னொண்ணு போலாமா?”

“இதைப் போட்டுக் காட்டுங்க” என்றபடி வெளியே வந்து அவர்களோடு நின்றேன்.

ஒலிப்பதிவாளர் மேலாளரைப் பார்த்தார். வக்கீலம்மா, “போடுங்க தம்பி” என்றார்.

இசையோடு சேர்த்துப் போட்டார். அதே தெரு, அதே வெயில், அதே அழகான பையன். அவள் வேண்டாம் என்கிறாள். அவன் பல்லைக் காட்டுகிறான். வேண்டாம். மணிக்கட்டை முறுக்கிப் பக்கத்தில் இழுக்கிறான். வேண்டாம். புல்லாங்குழல் ஆரம்பிக்கிறது. பின்னால் அவனுடைய கூட்டாளிகள் நாலு பேர் ஆடிக்கொண்டே வந்து வழியை அடைக்கிறார்கள். இருபது வருஷமாக அந்த நாலு பேரை நான் பார்த்ததே இல்லை. அவள் கண் ஓடுவதற்கு இடம் தேடுகிறது. பாவம், அந்த மொழி தெரியாத பெண் சரியாகத்தான் நடித்திருந்தாள். கெடுத்தது என் கன்னம்.

“இன்னொரு தடவை” என்றார் தலைவி. 

இன்னொரு தடவை போட்டார்கள்.

“படமே கெட்டுப்போச்சு” என்றார் மேலாளர். “இது காதல் காட்சிங்க. இப்படிக் கேட்டா அவன் ஏதோ பொறுக்கி மாதிரி இருக்கு.”

சொல்லிவிட்டுத்தான் சுற்றிப் பார்த்தார்.  ஒலிப்பதிவாளர் கைகளை விசைகளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

தலைவி தன் போனை எடுத்து என் மெசேஜை மறுபடி போட்டார். இல்ல சார், வேண்டாம். இந்தமுறை யாருடைய உதடும் மலரவில்லை. வக்கீலம்மா அந்த வாக்கியத்தை ஒரு தாளில் எழுதினார். எழுத்தில் வந்ததும் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

“இவர் இனிமே இந்த மாடிக்கு வரக்கூடாதுன்னு இன்னிக்கே எழுதிடறோம்” என்றார் வக்கீலம்மா என்னிடம். “மத்தது விசாரணை முடிஞ்சதும்.”

மேலாளர் என் பக்கம் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு போனார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு சினிமாவைக் காட்டி அல்லவா ஒரு வார்த்தையை விளங்கவைக்க வேண்டியிருந்தது. சினிமாவில் வேலை செய்யாத பெண் எதைக் காட்டுவாள்?

நான் செருப்பை மாட்டும்போது தலைவி பக்கத்தில் வந்தார். கண் கலங்கியிருந்தது. கையில் அந்தப் பையும் ஒரு தடித்த பேனாவும்.

“தப்பா நினைக்காதீங்க. இதுல ஒரு கையெழுத்து?”

“வேண்டாம்.”

வாயில் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு, பழக்கம். பேனாவை இன்னும் கொஞ்சம் நீட்டினார். நான் நின்று அவரைப் பார்த்தேன். சிரிப்பு மெதுவாக அடங்கியது. பேனாவை மூடினார்.

மாடிப்படி இறங்கும்போது கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இறங்கித்தான் இருந்தது.