பன்னிரண்டு பேர் வேண்டும்

என் குரல் எத்தனை வீடுகளில் தண்ணீர் கேட்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடாது என்று நானே செய்துவைத்த ஏற்பாடு அது. அப்போது அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அண்ணன் தினோய்க்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றபோது, நான் பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரில் ஒரு கம்பெனிக்கு மின்கட்டண நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து அவருக்காக ஒரு செயலி எழுதினேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. போன் திரை முழுக்கக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு படம். குவளையைத் தொட்டால் "தண்ணி வேணும்" என்று எங்கள் இலோங்கோ மொழியில் போன் சொல்லும். வலி, பசி, குளிர், கழிப்பறை என்று எல்லாவற்றுக்கும் ஒன்று. பேசுவது என் குரல்தான், வேறு யாரைக் கூப்பிட்டுப் பதிவது? கடைசியில் ஒரு பச்சைக் கட்டம். அதில் வீட்டு ஆள் ஒருவருடைய படத்தை வைத்துப் பெயரைப் பதிந்துவிட்டால், தொட்டதும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடும்.

அண்ணனின் பச்சைக் கட்டத்தில் நான் இருந்தேன். "டெல்யோ, இங்க வா" என்று என் குரலே என்னை நாள் முழுக்கக் கூப்பிட்டது. சில நாள் எரிச்சலாகத்தான் இருந்தது. அவர் போய்ச் சேர்ந்தபிறகு அந்த வீட்டில் என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

நிரலை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் திறந்துபோட்டேன். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, வேவு கிடையாது. அரசு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மரிவிக் என்ற பெண் அதை எங்கேயோ பார்த்துவிட்டுத் தன் நோயாளிகளின் போனில் ஏற்றிக்கொடுத்தாள். அவர்கள் உறவுக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். போனுக்குப் போன் கைமாறி அது எங்கெங்கோ போயிற்று. செயலிக்குள் 'குறை சொல்ல' என்று ஒரு பட்டன் உண்டு. அதில் எழுதினால் எனக்கு வந்து சேரும். எழுதியவர் பெயர், ஊர், எண் எதுவும் வராது. வாய் பேச முடியாதவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிற வேலை எனக்கெதற்கு? என்னைப் போல இலவசமாக நிரல் எழுதிப் போடுகிற ஆட்களுக்கு இது கிட்டத்தட்ட மதம்.

அந்தப் பட்டன் வழியாக அதிகம் ஒன்றும் வந்ததில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் சண்டை போட்டாலும் தாலாட்டு மாதிரி இருக்கும் என்று மணிலாக்காரர்கள் கேலி செய்வார்கள். ஒருவர் செய்த காரியத்தில் குறை சொல்வதென்றால் எங்களுக்கு நாக்கு புரளாது. வந்த ஒன்றிரண்டும் 'மிகவும் அழகாக இருக்கிறது, கடவுள் ஆசீர்வதிப்பாராக' என்றுதான் இருக்கும். குறை சொல்லும் இடத்தில் ஆசீர்வாதம்.

மழைக்காலம் ஆரம்பிக்கும்போது மரிவிக் கூப்பிட்டாள். அவளுக்கு நான் 'மனோங்', அண்ணன்.

"மனோங், உங்க ஆப்ப புது போன்ல ஏத்தவே முடியல. ஆபத்தானதுன்னு சிவப்பா எழுதி வருது. போன வாரம் ஒரு அம்மா, என்னவோ நான் அவங்க பேங்க் பணத்தைத் திருடப் பாக்குறேங்கிற மாதிரி போனைப் புடுங்கிட்டுப் போயிட்டாங்க."

விசாரித்ததில் விஷயம் இதுதான். போன்களுக்குச் செயலிகள் தரும் அந்தப் பெரிய இணையக் கடையில் பதிவு செய்யாத ஆள் எழுதியது எதையும் இனிமேல் போன் சுலபத்தில் ஏற்காது. சரி, பதிவு செய்துவிடுவோம் என்று இறங்கினேன். கட்டணம் கட்டினேன். அடையாள அட்டையைக் காட்டினேன், முகத்தை இடமும் வலமும் திருப்பிக் காட்டினேன். கைதிக்குப் படம் பிடிப்பதுபோல் எல்லாம் முடிந்தபிறகு கடைசி நிபந்தனை வந்தது. பன்னிரண்டு பேர் பதினான்கு நாள் தொடர்ந்து என் செயலியைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் கடைக்குள் இடம்.

பெரிய கம்பெனிக்கு இந்த நிபந்தனை கிடையாதாம். தனியாளுக்கு மட்டும்தான். தனியாளிடம் போய்ப் பன்னிரண்டு பேரைக் கொண்டுவா என்று கேட்க எப்படித்தான் மனசு வந்ததோ.

பெயர்களை நினைத்துப் பார்த்தேன். மரிவிக். மருந்துக்கடைப் பையன். எதிர்வீட்டுப் பெட்டிக்கடை நொனா. துபாயில் இருக்கும் மச்சினன், அதுவும் கிறிஸ்துமஸுக்கு மட்டும் பேசுகிறவன். அதோடு நின்றுவிட்டது. செயலியைப் பயன்படுத்துகிறவர்களைக் கேட்கலாமென்றால், அவர்கள் யாரென்று தெரியாமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் நானே செய்து வைத்திருந்தேன். நோயாளிகள் வீட்டு முகவரிகளை மரிவிக் தருவது முறையில்லை. அவளும் சொன்னாள், நானும் கேட்கவில்லை. ஐம்பத்தாறு வயதில் எனக்குப் பன்னிரண்டு பேர் இல்லை என்பது ஒரு கடையின் நிபந்தனையைப் படித்தபோதுதான் தெரிந்தது.

அண்ணன் முன்பு தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. இப்போது வெட்கத்தை விட்டுப் போனேன். குழுவை நடத்துகிறவள் மனாங் பூரிங், ஊருக்கே அக்கா, எழுபதை நெருங்குகிறவள், கட்டைக்குரல். நான் சொல்லி முடிக்கும்முன்பே, "இதுக்கா இவ்வளவு நீட்டி முழக்குறே, தோ?" என்று, சின்னப் பையனைக் கூப்பிடும் 'தோ'வைப் போட்டு என் கன்னத்தைத் தட்டினாள். குழுவில் நல்ல போன் வைத்திருந்தவர்கள் சரியாகப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் சரி என்றார்கள். தினமும் திறக்க வேண்டும், மறக்கக் கூடாது என்று நான் பாடம் நடத்தினேன். அவர்கள் எனக்கு இபோஸ் தந்தார்கள். தென்னையோலையில் பொதிந்த அந்த ஒட்டரிசியைத் தின்றுகொண்டே, எங்கள் ஊர் ஷேர் வண்டியான ஜீப்னியில் வீடு திரும்பியபோது, ரொம்ப நாளைக்குப் பிறகு நான் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தேன்.

பாதி நாட்கள் கழிந்தபோது 'குறை சொல்ல' பட்டன் வழியாக ஒன்று வந்தது.

'ஐயா, தொந்தரவுக்கு மன்னிக்கவும். அப்பா பேசுவதற்கு உங்கள் ஆப்பைத்தான் நம்பியிருக்கிறோம். பச்சைக் கட்டத்தில் அம்மா படம் இருக்கிறது. அம்மா போன மாதம் இறந்துவிட்டார். அப்பாவுக்கு அது நினைவில் நிற்பதில்லை. கட்டத்தை அழுத்தி அம்மாவைக் கூப்பிட்டுவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வரவில்லையென்றால் மறுபடி அழுத்துகிறார். ஒவ்வொரு தடவையும் நான் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, அவரும் புதிதாக அழுகிறார். படத்தை எடுக்க வழியே இல்லையே. ஆப்பையே எடுத்துவிட்டால் அவர் தண்ணீர்கூடக் கேட்க முடியாது, மறுபடி ஏற்ற போன் விடாது என்கிறார்கள். ஏதாவது செய்ய முடியுமா?'

வழி இல்லாமல் செய்தவன் நான்தான். அண்ணனுக்குக் கை நடுங்கும். தவறுதலாக அழித்துவிடக் கூடாதே என்று பச்சைக் கட்டத்தை மட்டும் ஒருமுறை வைத்தால் மாற்ற முடியாதபடி பூட்டியிருந்தேன். கூப்பிடுகிறவருக்கு முன்னால் கூப்பிடப்படுகிறவர் போய்விடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் கட்டத்துக்குள் இருந்தவன் உயிரோடு இருந்தானே.

அந்தப் பூட்டை எடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஓரத்தில் ஒரு சின்னக் குறியை விடாமல் அழுத்திப் பிடித்தால் படம் போய்விடும், வேறு ஆளை வைக்கலாம். திருத்திய பதிப்பு கையில் தயாராக இருந்தது. ஆனால் அதை எங்கே அனுப்புவது? எழுதியது யாரென்று தெரியாது. மரிவிக்கைக் கேட்டேன். அவளும் விசாரித்துவிட்டுத் தன்னிடம் வருகிறவர்கள் வீட்டில் அப்படி ஒரு சாவு இல்லை என்றாள். என் இணையப் பக்கத்தில் பெரிதாக அறிவிப்புப் போட்டேன். அந்தப் பக்கத்தைப் பார்க்கிறவர்கள் என்னைப் போன்ற நிரல் பைத்தியங்கள்தான், பக்கவாதக்காரரின் மகளோ மகனோ இல்லை. கடைக் கதவு திறப்பது ஒன்றுதான் வழி. கடைக்குள் போய்விட்டால் பழைய செயலி இருக்கும் போன்களுக்குப் புதியது தானாகவே போய்ச் சேரும். மிச்சமிருந்த நாட்களை, ஜுரத்தில் கிடக்கிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினைந்தாம் நாள் கடையிலிருந்து பதில் வந்தது. 'அன்புள்ள டெவலப்பர், உங்கள் சோதனையாளர்கள் உண்மையான பயனர்களாகத் தெரியவில்லை. அவர்களிடமிருந்து குறை நிறை எதுவும் பெறப்படவில்லை. வேறு சோதனையாளர்களுடன் மறுபடி தொடங்கவும்.'

மனாங் பூரிங் வீட்டுக்கு நேராகப் போனேன். மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தினமும் எல்லோரும் திறந்தார்களா என்று கேட்டேன்.

"தொறக்காம? நான் விட்டுடுவேனா?" என்றாள். "இதுங்கள நம்புனா ஆவாதுன்னு தெனம் சாயங்காலம் பாட்டுக்கு வந்ததும் பன்னெண்டு போனையும் மேசையில வரிசையா வச்சுக்குவேன். ஒண்ணொண்ணா தொறந்து 'நன்றி'ங்கிற கட்டத்த அமுத்திட்டு மூடிடுவேன். ஒரு நாள் தவறல."

ஒரே மேசை, ஒரே விரல், வரிசையாகப் பன்னிரண்டு நன்றி. கடையின் கணக்குப்பொறிக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. ஏமாற்றுக்காரன் ஒருவன் பன்னிரண்டு போனை வைத்துக்கொண்டு விளையாடுகிறான் என்றுதான் தெரிந்திருக்கும்.

"சரி, யாராவது ஒரு குறையாவது எழுதினீங்களா, மனாங்? எழுத்து சின்னதா இருக்கு, குரல் நல்லால்லன்னு எதையாவது?"

அவள் கையை நிறுத்தினாள். "குறையா? செத்துப்போன அண்ணனுக்காக நீ செஞ்சது. அதுல போய்க் குறை சொன்னா வாய் அழுகிடும்."

எனக்கு வந்த கோபத்தை எங்கே காட்டுவது? விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. மாவுக் கையோடு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவளைத் தேற்றிவிட்டு வரும்போது, எனக்கு யாரும் ஆறுதல் சொல்ல வேண்டியதில்லை என்று நானே நினைத்துக்கொண்டேன். அது பொய்.

கடைக்கு நீளமாக எழுதினேன். குழு, மேசை, மனாங் பூரிங், எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கிழவரைப் பற்றிச் சொன்னேன். உண்மையான பயனர் அவர்தான், அவரைவிட உண்மையாக ஒருவர் இருக்க முடியாது, ஆனால் அவர் பெயர் எனக்குத் தெரியாது என்றும் எழுதினேன். நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்குள் பதில் வந்துவிட்டது. 'அன்புள்ள டெவலப்பர், தொடர்பு கொண்டதற்கு நன்றி' என்று ஆரம்பித்து முன்பு சொன்னதையே சொன்னது. மனிதர் யாராவது படித்தீர்களா என்று மறுபடி எழுதினேன். அதற்கும் நன்றி சொன்னது.

வேறு பன்னிரண்டு பேர். பாடகர் குழுவின் போன்கள் இனிமேல் செல்லாது. மருந்துக்கடைப் பையனைக் கேட்டேன், சேர்ந்தான். நொனா சேர்ந்தாள், போனில் இடமில்லை என்று பேரனின் படங்கள் சிலவற்றை எனக்காக அழித்தாள். மச்சினன் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினான், சேர்ந்தானா இல்லையா தெரியவில்லை. மரிவிக் தானும் சேர்ந்து, தன் தங்கையையும் சேர்த்துவிட்டாள். ஜீப்னியில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவரிடம்கூடப் பேச்சுக்கொடுத்தேன். சிரித்துக்கொண்டே சரி என்றவர், அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார். எல்லோரிடமும் ஒன்றைத்தான் கெஞ்சினேன், திட்டுங்கள், என்னைத் திட்டி எழுதுங்கள். நொனா ரொம்ப யோசித்து, 'கழிப்பறைப் படம் கொஞ்சம் பெரிதாக இருக்கிறதோ என்னவோ, ஆனாலும் அழகுதான்' என்று எழுதினாள்.

இப்படி ஒருவர் இருவராக ஆறு பேர் சேர்ந்திருந்தார்கள். ஏழாவது ஆளுக்காக மழையில் இரண்டு தெரு நடந்து, பழைய ஆபீஸ் நண்பன் ஒருவன் வீட்டைத் தட்டினேன். அவன் வீடு மாறிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நனைந்து வீடு திரும்பித் தலையைத் துவட்டிக்கொண்டே கணினியைப் பார்த்தேன். பட்டன் வழியாக ஒன்று வந்திருந்தது. பெயரில்லை, ஊரில்லை. யாரென்று முதல் வரியிலேயே தெரிந்தது.

'ஐயா, போன மாதம் பச்சைக் கட்டத்தைப் பற்றி எழுதியிருந்தேன். இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இப்போது நான் அப்பாவிடம் அம்மா சந்தைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிடுகிறேன். அவர் சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கிறார். உங்களைக் குறை சொல்லவில்லை. இந்தப் பட்டனுக்கு அந்தப் பக்கம் இப்போது யாரும் இல்லை என்று நினைக்கிறேன். இனிமேல் எழுதித் தொந்தரவு செய்யமாட்டேன். இதுவரை செய்ததற்கு நன்றி.'