பதினாறாவது ஆள்

லின்ட்க்விஸ்ட் சார் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தின் பலகையில், வந்தவர்கள் நூற்று நான்கு என்று எழுதினார். நூற்றுக்குப் பதினைந்து என்று கணக்குப் போட்டார். பதினைந்து புள்ளி ஆறு வந்தது.

"பதினாறுன்னு வெச்சுக்குவோம். பதினாறு பேர் சேராத மூலை எல்லாம் கலையணும்" என்றார்.

"அந்தப் புள்ளி ஆறு ஆள் யாரு சார், எங்க வீட்டுக்காரரா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். கூடமே சிரித்தது. அவள் புருஷனும் சிரித்தான்.

மார்லிஸ் சிரிக்கவில்லை. செனட்டர் கார்மைக்கேலின் படம் ஒட்டிய மூலையில், அவளையும் சேர்த்துப் பதினைந்து பேர். மூன்று முறை எண்ணிவிட்டாள். அமெரிக்காவின் இந்த அயோவா மாநிலத்தில் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்காரர்கள் வாக்குச்சீட்டைப் பெட்டியில் போடுவதில்லை. பனிக்கோட்டோடு வந்து, அண்டை வீட்டார் பார்க்க, தங்கள் ஆளின் மூலையில் போய் நிற்பார்கள். ஆள் குறைந்த மூலைக்கு அரை மணி நேரம் உண்டு. அதற்குள் யாரையாவது இழுக்க வேண்டும், இல்லையென்றால் வேறு மூலைக்குப் போக வேண்டும்.

எதிர் மூலையில் நாற்பத்தைந்து பேரோடு இன்னொரு வேட்பாளரான ராட்மனின் கூட்டம் நின்றது. ராட்மனின் கம்பெனிதான் ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவப் பிரிவை மூடியது. போன மார்ச் மாதம் மார்லிஸ் தன் மகள் கிறிஸ்டாவைக் காரில் போட்டுக்கொண்டு, பனிப்புயலில் அறுபது மைல் தள்ளியிருந்த ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். பாதி வழியில், பின் இருக்கையில் குழந்தை பிறந்தது. பிழைக்கவில்லை.

பதினொரு மாதமாக வீடு வீடாகப் போய் அதைத்தான் சொன்னாள். கார்மைக்கேல் ஒருநாள் ஊர்க் காபிக்கடைக்கு வந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். மறுநாள் தொலைக்காட்சியில், "மார்லிஸ் என்று ஒரு தாய்" என்று ஆரம்பித்தார்.

யார் பக்கமும் சேராதவர்கள் எட்டுப் பேர் கூடைப்பந்து வளையத்தின் கீழே நின்றார்கள். அவர்களில் ஒருத்தி கிறிஸ்டா. அவள் வருவாள் என்றே மார்லிஸ் நினைத்திருக்கவில்லை. தரையின் கோடுகளைத் தாண்டி அவளிடம் போனாள்.

"ஒரே ஒரு ஆள்தான் குறையுதுடி."

"எண்ணிட்டேம்மா. எனக்கும் கணக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா இங்க நிக்கற? இது எல்லாம் உனக்காகத்தானே?"

"எனக்காகவா?" கிறிஸ்டா குரலை உயர்த்தவில்லை. "போன வாரம் கடைல கறி வாங்க நிக்கறேன். முன்னப்பின்ன தெரியாதவ வந்து கட்டிப்பிடிச்சு அழறா. டிவில கேட்டாளாம். நான் அவளுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிட்டு வந்தேன்."

"நல்ல மனசு, அதான் அழுதிருக்கா."

"இருபது நிமிஷம் மூச்சு இருந்துச்சாமே? அவ சொன்னா. அம்மா, என் குழந்தை மூச்சே விடல. என் நெஞ்சு மேலதான் கிடந்துச்சு. உனக்குத் தெரியும்."

மார்லிஸுக்குத் தெரியும். நான்காவது வீட்டிலோ ஐந்தாவது வீட்டிலோ, கேட்டுக்கொண்டிருந்தவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அப்போது அந்த வாக்கியம் மார்லிஸின் வாயிலிருந்து தானாக வந்தது. கேட்டவள் கடிகாரத்தை மறந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வீட்டிலும் அது வந்தது. பொய் சொல்கிறோம் என்று மார்லிஸுக்குத் தோன்றவில்லை. சொல்லச் சொல்ல அந்த இருபது நிமிடங்கள் உண்மையாகவே நடந்துபோயின; அந்த நேரமெல்லாம் அவள் பேரனுக்கு மூச்சு இருந்தது. அதை எப்படி விடுவாள்?

"சரி, இனிமே சொல்லல. இன்னைக்கு மட்டும் வந்து நில்லு."

"போம்மா."

யாரோ மார்லிஸின் தோளைத் தொட்டார்கள். ராட்மன் மூலையின் தலைவி வெர்னா. பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் இருப்பவள். ஊரின் பாதி வாய்களை அவளுக்குத் தெரியும்.

"மார்லிஸ், அலையாத. உங்க ஆளுங்க இன்னும் உனக்குச் சொல்லலயா?"

"என்னத்த?"

"கார்மைக்கேல் நாளைக்கு விலகறாங்க. எங்க ஆளுக்குத்தான் ஆதரவு. பதிலுக்கு அவங்களுக்குத் துணை ஜனாதிபதி இடமாமே! மத்தியானமே பேசி முடிச்சாச்சு."

மார்லிஸ் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். கூட்டம் தொடங்கும் முன்பே, ஆறு நாற்பதுக்கு, கார்மைக்கேல் ஆட்களிடமிருந்து செய்தி வந்து கிடந்தது. *எண்ணிக்கை போதாத இடங்களில் நம்மவர்கள் ராட்மன் பக்கம் செல்லவும். உங்கள் உழைப்புக்கு நன்றி.* அவள் பெயர்கூட இல்லை. திரும்பிப் பார்த்தாள். அதே செய்தி அவளுடைய பதினான்கு பேருக்கும் வந்திருக்க வேண்டும். அவர்கள் நடுக்கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் கைதட்டி வரவேற்றது. அவர்களில் ஒருவர் தன் பை நிறைய இருந்த பிஸ்கட்டை அங்கே விநியோகித்துக்கொண்டிருந்தார். அது மார்லிஸ் சுட்டுக் கொண்டுவந்தது.

"அந்தாளு மூடின ஆஸ்பத்திரிடி அது!" என்றாள் மார்லிஸ்.

"யாரு இல்லேன்னா? இப்ப உங்க கார்மைக்கேல் அம்மாவே மன்னிச்சுட்டாங்க, உனக்கென்ன?" வெர்னா அவள் முழங்கையைப் பிடித்தாள். "கேளு. இப்ப நாங்க அறுபதை நெருங்கிட்டோம். அந்த எட்டுல நாலு பேரு வந்தா மாநாட்டுக்கு அனுப்ப எங்களுக்கு இன்னொரு பிரதிநிதி கிடைக்கும். அந்த இடம் உனக்குத்தான், நான் எழுதியே குடுக்கறேன். மாவட்ட மாநாட்டுல பேசலாம். நீ வாயைத் திறந்தா கல்லும் அழும், ஊருக்கே தெரியும். ஒரு நிமிஷம் பேசு."

கோபம் வரும் என்று மார்லிஸ் காத்திருந்தாள். வந்தது கோபமில்லை, பயம். நாளைக் காலை எழுந்து எந்தக் கதவைத் தட்டுவது? முப்பது வருஷம் இந்தப் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தாள். உப்புக் குறைகிறது என்பதைத் தவிர யாரும் அவளிடம் எதுவும் சொன்னதில்லை, எதுவும் கேட்டதுமில்லை. இந்தப் பதினொரு மாதம்தான் மனிதர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அது குழந்தைக்காக என்று நினைத்திருந்தாள். இப்போது, நடுத்தரையில் தனியாக நிற்கும்போது, எந்த மூலைக்காக என்பது தனக்கு அவ்வளவு முக்கியமில்லை என்று தெரிந்தது. தெரிந்ததும் வெட்கமாக இருந்தது. வெட்கம் அவளைத் தடுக்கவில்லை.

"சார், ராட்மன் சார்பா மார்லிஸ் பேசறாங்க" என்று வெர்னா கத்தினாள்.

லின்ட்க்விஸ்ட் சார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக மார்லிஸைப் பார்த்தார். அவளுக்கு ஆறாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். "நிச்சயமா, மார்லிஸ்?"

"ஆமா சார்."

"ஒரு நிமிஷம்."

வளையத்தின் கீழே இருந்த எட்டுப் பேரும் திரும்பினார்கள். கிறிஸ்டாவும் திரும்பினாள். அம்மாவின் வாய் திறப்பதைப் பார்த்ததும் அவள் கோட்டுப் பொத்தான்களைப் போட ஆரம்பித்தாள், மேலிருந்து கீழாக, நிதானமாக.

மார்லிஸ் பேசினாள். பனி, சாலை, காரின் பின் இருக்கை. இந்த முறை ஆஸ்பத்திரியை யாரும் மூடவில்லை. அது மூடிக் கிடந்தது, அவ்வளவுதான். குரல் எங்கே தாழ வேண்டுமோ அங்கே தாழ்ந்தது. எட்டில் ஒரு கிழவர் கண்ணைத் துடைத்தார். இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, ராட்மன் மூலையை நோக்கி அடி வைத்தார்கள். இன்னும் இரண்டு பேர் வேண்டும்.

கனமான இரும்புக் கதவு திறந்து, குளிர்க்காற்று உள்ளே வந்து, மூடிக்கொண்டது. மார்லிஸ் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"நேரம் முடிஞ்சது" என்றார் லின்ட்க்விஸ்ட் சார்.

"இன்னும் அரை நிமிஷம் குடுங்க சார்" என்றாள் மார்லிஸ். "இன்னும் குழந்தையே பொறக்கல."