எட்டாவது படகு

"மாப்ள, அசையாதீங்க! மூக்கு அரிச்சாக்கூட சொறியக் கூடாது!"

ஜன்னலுக்குள்ளிருந்து அப்பா போட்ட சத்தத்தில், ஐந்தாவது படகின் நடுப்பலகையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை அப்படியே சிலையானார். அடியில் இருந்த தக்கையைப் பிடுங்கியாகிவிட்டது. தண்ணீர் குபுகுபுவென்று ஏறி அவருடைய தொப்பையைத் தொட்டது, பிறகு மார்பைத் தொட்டது. படகு இம்மியும் சாயாமல் இறங்கி, சேற்றில் போய் உட்கார்ந்தது. ஜன்னல் கம்பியில் டம்ளர் இரண்டு முறை தட்டியது. இரண்டு தட்டினால் சரி. ஒன்று தட்டினால் எல்லாம் முதலிலிருந்து.

"அஞ்சு முடிஞ்சுது, இன்னும் மூணு" என்று தண்ணீருக்குள் நின்றபடி விரல்களைக் காட்டினாள் அவருடைய மனைவி பாப்பா.

பாப்பாவுக்கு வயது நாற்பத்து மூன்று. மூக்குக் கண்ணாடியும் மூட்டு வலியும் வந்த பிறகும் அப்பாவுக்கு அவள் பாப்பாதான், அதனால் நாமும் அப்படியே கூப்பிடலாம். அப்பா ஏரிக்கரையில் நாற்பது வருடமாகப் படகு வாடகைக்கு விட்டவர். கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் ஊர் அவரைக் கப்பல்காரர் என்றுதான் சொன்னது, அவரும் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டதே இல்லை.

பொழுது சாயும்போது புயல் வந்துவிடும் என்று ரேடியோ காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. மிதிபடகுகளைக் கரையேற்றிக் கவிழ்த்து மரங்களோடு கட்டியாகிவிட்டது. டீக்கடையின் தகரக் கூரைமேல், கைவசம் இருந்த மணல் மூட்டையெல்லாம் ஏறிவிட்டது, கடைப் பலகை இறங்கிவிட்டது. வீட்டில் அப்பாவின் ஜன்னலைத் தவிர எல்லா ஜன்னலுக்கும் குறுக்கே கட்டை அடித்தாயிற்று. மிச்சம் இருந்தவை எட்டு துடுப்புப் படகுகள். மரப்படகு மிதந்துகொண்டிருந்தால் காற்று அதைத் தூக்கித் துறையில் அடித்துச் சுள்ளியாக்கிவிடும். அதற்குள் நாமே கையால் முழுக்கிவிட வேண்டும். தண்ணீருக்குள் இருக்கும் படகைப் புயல் ஒன்றும் செய்யாது.

படகில் மணல் மூட்டையை மட்டும் போட்டு முழுக்கினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஏரியின் அடித்தரை சரிவானது. ஆளில்லாமல் இறக்கினால் படகு ஒரு பக்கம் சாய்ந்து வாயில் சேற்றை அள்ளிக்கொள்ளும், பிறகு எடுக்க நாலு நாள் தலைகீழாக நிற்க வேண்டும். ஒருவர் நடுவில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல் என்று நகர்ந்து கொடுத்து, படகோடு கூடவே இறங்க வேண்டும். நாற்பது வருடமும் அப்படி இறங்கியவர் அப்பா. வாயில் சிகரெட்டோடு இறங்குவார், சிகரெட் நனையாமல் எழுந்து வருவார். இந்த வருடம் அந்த வேலை, உடம்பு வாகு பார்த்து, மாப்பிள்ளையின் தலையில் விழுந்தது.

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பி நாலு நாளாகிறது. இதயம் கால்வாசிதான் வேலை செய்கிறது, படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது, பிடித்ததைச் செய்து கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. அம்மா அதைச் சமையல் விஷயமாக எடுத்துக்கொண்டு நாலு நாளாக அடுப்பை விட்டு நகரவில்லை. அப்பா இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. மருந்துக்கடை வைத்திருக்கும் தம்பி டவுனிலிருந்து வந்து, கடிகாரமும் கையுமாகத் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டான்.

ஏழாவது படகு இறங்கியது. டம்ளர் தட்டவில்லை.

பாப்பா ஈரத்தோடு விழுந்தடித்து ஓடினாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து, காலைத் தரையில் தொங்கப் போட்டுக்கொண்டு, சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தார். தம்பி அவருடைய இரண்டு தோளையும் அமுக்கிப் பிடித்திருந்தான்.

"எட்டாவதுல நான்தான் உக்காருவேன்" என்றார் அப்பா.

"அப்பா, வெளையாடாதீங்க."

"வெளையாட்டுதான் பாப்பா. பின்ன என்னவாம்?"

தம்பிக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல்தான். "படுக்கைய விட்டு எழுந்திருக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இவரு ஏரிக்குள்ள எறங்கணுமாம்! அக்கா, நீ இதுக்குத் தலையாட்டாத."

"எழுந்திருக்கறேன்னு யாரு சொன்னா? தூக்கிட்டுப் போங்கன்னுதான் சொல்றேன். உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலையே."

"ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா என்ன பண்ணுவ அக்கா? பெத்த அப்பன பொண்ணே தண்ணியில முக்கிக் கொன்னுட்டான்னு ஊரே பேசும். நீயே உன்ன மன்னிக்க மாட்ட."

அதைத்தான் பாப்பாவும் நினைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் நாலு நாளோ, பத்து நாளோ, அப்பா இதே கட்டிலில் கிடந்து போகலாம். அப்போது யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். இன்றைக்குத் தூக்கிக்கொண்டு போனால், நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் அது அவள் கையால் நடந்ததாகிவிடும். அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"என்ன ஏன் பாக்கற? கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் சொன்னத என்னைக்கு இவரு கேட்டாரு?" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு உள்ளே போனவள் அலமாரியைத் திறந்து உலர்ந்த துண்டுகளை எடுத்து வைத்தாள். ஒன்றல்ல, நாலு.

பாப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் சட்டத்தின் மேல் வைத்தாள். "பிடிச்சத செஞ்சு குடுங்கன்னாருல்ல டாக்டர்? இவருக்குப் பிடிச்சது இதுதான்."

"அவரு சாப்பாட்டச் சொன்னாரு அக்கா!"

"சாப்பாடுன்னு அவரு சொல்லல."

தம்பி வாசலை மறித்து நின்றான். அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு விலகி, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "நான் வந்து பாக்க மாட்டேன்" என்றான்.

அப்பாவைத் தூக்க மாப்பிள்ளை வேண்டியிருக்கவில்லை. அவள் ஒருத்தியே தூக்கிவிட்டாள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தோளில் இரண்டு துடுப்பும் கையில் நங்கூரமுமாக நடந்த மனிதர், காய்ந்த துணி மூட்டை போலக் கையில் கிடந்தார். "பாத்து, பாத்து. கண்ணாடிச் சாமான்" என்றார் அப்பா. அழ வாயைத் திறந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வானம் சாம்பல் நிறத்தில் தாழ இறங்கியிருந்தது. காற்றில் குளிர் ஏறியிருந்தாலும் ஏரித் தண்ணீர் கதகதப்பாகவே இருந்தது. நடுப்பலகையில் அப்பாவை உட்கார வைத்து, பாப்பா தண்ணீரில் நின்றபடி அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டாள். மறுபக்கம் மாப்பிள்ளை குனிந்து தக்கையைப் பிடுங்கினார். தண்ணீர் ஏறியது. அப்பாவின் காலை நனைத்தது, முழங்காலை நனைத்தது, இடுப்புக்கு வந்து நின்றது.

நின்றேவிட்டது. படகு அதற்கு மேல் இறங்கவில்லை.

தப்பு எங்கே என்று பாப்பாவுக்கு ஒரு நொடியில் புரிந்தது. காலையில் படகுக்கு இரண்டு மூட்டை என்று எல்லாவற்றுக்கும் மாப்பிள்ளையின் எடையை வைத்துக் கணக்குப் போட்டாயிற்று. அந்த இடத்தில் அப்பா உட்கார்ந்தால் பாதிக்குப் பாதி கூடத் தேறாது. வேறு மூட்டை வேண்டுமானால் கூரைமேல் ஏறித்தான் அவிழ்க்க வேண்டும்.

"பாத்தியா பாப்பா, ஏரிக்கே நான் வேணாமாம்!" அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை.

"நான் வேணா ஏறிக்கட்டுமா மாமா?" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க ஏறினா நான் அந்தக் கரையில போய் விழுவேன்."

அலை படகைத் தட்ட ஆரம்பித்தது. படகு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது. ஈரத்தில் அப்பாவின் தோள் நடுங்குவது அவள் உள்ளங்கைக்குத் தெரிந்தது. போதும், தூக்கிவிடலாம் என்று கையைக் கொடுத்தாள். அப்பா தலையை ஆட்டி மறுத்தார். தம்பி சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று அப்போது நிஜமாகவே நினைத்தாள்.

பின்னால் தண்ணீர் சளக் சளக் என்றது. இஸ்திரி போட்ட பேண்டும் காலில் ஷூவுமாகத் தம்பி ஏரிக்குள் வந்துகொண்டிருந்தான்.

"எவ்வளவு நேரம் அந்த மனுஷன ஊறப் போடுவீங்க? தள்ளுங்க!"

பின்பக்கமாகப் பார்த்து ஏறி, அப்பாவுக்குப் பின்னால் ஒட்டி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவரை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். படகு ஒரு பெருமூச்சு விட்டு இறங்கத் தொடங்கியது.

"டேய், எடது பக்கம் ஒரு விரல்" என்றார் அப்பா.

"சரிப்பா."

"அதிகம்டா. அரை விரல் இந்தப் பக்கம் வா."

"இப்ப?"

"ம். அப்படியே இரு. மூச்சு மட்டும் விட்டுக்கோ."

தண்ணீர் அப்பாவின் மார்புக்கு வந்தது. படகு தரை தட்டியது, சமமாக, பாய் விரித்தது போல. ஏரியின் மேல் இப்போது இரண்டு தலைகளும் நாலு தோள்களும் மட்டும் தெரிந்தன. அப்பாவுக்கு வாயெல்லாம் பல். மழையின் முதல் துளிகள் அவருடைய வழுக்கையில் விழுந்தன. "எட்டு!" என்று மாப்பிள்ளை கத்தினார். தம்பியின் சட்டைக் காலருக்குள் ஒரு துளி இறங்க, அவன் கூசிக் குலுங்கினான். அதைப் பார்த்துப் பாப்பா சிரித்தாள். தம்பியும் சிரித்தான். கரையில் துண்டோடு நின்ற அம்மா, "கெளம்பி வாங்க, எல்லாம் பைத்தியங்க" என்று திட்டிக்கொண்டே சிரித்தாள். இப்படி எல்லோரும் சேர்ந்து சிரித்து எத்தனை வருடமாயிற்று என்று பாப்பாவுக்கு நினைவில்லை.

உள்ளே கொண்டுவந்து துவட்டி, உலர்ந்த உடை மாற்றி, போர்வையால் சுற்றிப் படுக்க வைத்தார்கள். அப்பா சூடாக இரண்டு மடக்கு டீ குடித்தார். "நல்ல டீ" என்றார், நாலு நாளில் முதல்முறையாக.

"பாப்பா, படகுக் கயித்த இறுக்கிக் கட்டலையே? தண்ணி ஏறும்."

"ரெண்டு முழம் விட்டுத்தான் கட்டியிருக்கேன்."

"அப்ப சரி."

அம்மா சீப்பை எடுத்துக்கொண்டு அவருடைய தலைமாட்டில் உட்கார்ந்தாள். காதோரம் மிச்சமிருந்த நரை மழையில் நனைந்து இன்னும் காயவில்லை, அதை வாரிவிட வேண்டுமாம். "தலைய ஆட்டாம இருங்க" என்றாள். வாரினாள். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் வாரினாள். பிறகு சீப்பு நின்றது.

"பாப்பா, இங்க வா" என்றாள் அம்மா, ரொம்ப மெதுவாக. "ஆட்டாதீங்கன்னு சொன்னேன். ஆட்டாம இருக்காரு. சொன்னதக் கேக்கற ஆளே இல்லையே இவரு."

தம்பி மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். நெடுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தான். அப்பாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் முழுசாகக் கலையவில்லை.

டாக்டர் காற்றோடு காற்றாக வந்து சேர்ந்தார். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சாலையில் மரம் விழுவதற்குள் திரும்ப வேண்டும் என்றார். கண்ணைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், தலையை லேசாக அசைத்தார். எழுந்திருக்கும்போது அவர் கை அப்பாவின் தலையில் பட்டது.

"தல ஈரமா இருக்கே?"

இதற்குத்தான் பாப்பா பயந்திருந்தாள். நான்தான் தூக்கிக்கொண்டு போனேன் என்று சொல்லிவிட வேண்டும், வேறு யார் தலையிலும் விழக் கூடாது என்று வாயைத் திறந்தாள்.

"படகு முழுக்கப் போயிருந்தாரு டாக்டர்" என்றான் தம்பி. "நானும் கூட உக்காந்திருந்தேன்."

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். தொடை வரை சேறு அப்பிய பேண்டையும் தரையில் ஈரம் பதித்து நின்ற ஷூவையும் பார்த்தார். மருந்துக்கடைக்காரனை அவருக்குப் பத்து வருடமாகத் தெரியும். ஒரு மாத்திரையைக் கூடச் சீட்டு இல்லாமல் தராதவன்.

"எல்லாப் படகும் எறங்கிடுச்சா?"

"எல்லாம் எறங்கிடுச்சு."

டாக்டர் பேனாவைத் திறந்து, மேசையில் குனிந்து, நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருடைய கார் கிளம்பும் சத்தம் காற்றில் பாதிதான் கேட்டது.

தம்பி அப்பாவின் நனைந்த சட்டையை எடுத்தான். பிழியப் போனவன் பிழியாமல், கட்டிலருகே இருந்த நாற்காலியின் முதுகில் விரித்துப் போட்டான். அதிலிருந்து ஏரித் தண்ணீர் தரையில் சொட்டத் தொடங்கியது. வீட்டுக்குள் ஒரு சொட்டு விழுந்தாலே வீட்டை இரண்டாக்கும் அம்மா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பாப்பா துடைக்கத் துணியோடு குனிந்தாள்.

"இருக்கட்டும், விடு" என்றாள் அம்மா.